கோணற் பெருவிரலும் ஆறு கிழமைகளும்

காலின் பெருவிரல் தன் நேர்வழியை விட்டு அயல்விரலின் பக்கம் சாய, அதன் அடிமூட்டு பாதத்தின் உட்கரையிலே புடைத்து நிற்கும் குறையை ஆங்கிலத்திலே 'பனியன்' என்பர். சட்டைக்குள்ளே அணியும் பெனியனுக்கும் இதற்கும் யாதோர் உறவும் இல்லை. ஆயினும் இச்சொல்லை முதன்முறை கேட்ட எமது தாயார், "பெனியனுக்கு ஏன் பிள்ளை ஒப்பரேஷன்?" என்று வினவி, சிரிக்கும் மனநிலை அற்றிருந்த எம்மையும் சிரிக்க வைத்தார். வைத்திய நூல்கள் இதனை 'ஹலக்ஸ் வல்கஸ்' என்கின்றன. வீட்டிலே நாங்கள் 'விரல் மொழி' என்று சொல்லி வந்தோம். இங்கும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

பலரும் எண்ணுவதுபோல அவ்விடத்திலே புதிதாக ஓர் எலும்பு முளைத்துவிடுவதில்லை. பெருவிரலுக்குப் பின்னே பாதத்துள் ஓடும் நீண்ட எலும்பு ஆண்டுக்கணக்கிலே மெல்ல மெல்ல ஒருபுறம் விலகுகின்றது; விரலோ மறுபுறம் சாய்கின்றது. இரண்டும் பிரியும் மூலையே வெளியே புடைப்பாகத் தோன்றுவது. விரலின் சாய்வு 15 பாகைக்கு உட்பட்டிருந்தால் அது இயல்பென்பர். எமது வலக்காலின் கதிர்ப்படத்திலே அது 34 பாகை. இரண்டாம் விரல் இடமின்றிப் பெருவிரலின்மேல் ஏறத் தொடங்கியிருந்தது. அதன் அடியிலே உள்ளங்காலிற் காய்த்துப்போன தோல், வெறுங்காலோடு சீமெந்துத் தரையிலே நிற்கும்போது கூழாங்கல்லை மிதித்தாற்போல் உறுத்தும்.

இது சப்பாத்தினால் வருவதா, பரம்பரையால் வருவதா என்பது நீண்டகால வழக்கு. ஹொங்கொங்கிலே நடத்தி 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்விலே, சப்பாத்து அணிந்தவர்களுள் 100க்கு 33 பேரிடமும் அணியாதவர்களுள் 100க்கு 2 பேருக்கும் குறைவானோரிடமும் இக்குறை காணப்பட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலே பழைய இடுகாடுகளைத் தோண்டி எடுத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்தோர் 2021இல் வெளியிட்ட செய்தி இன்னும் சுவையானது. 11ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்பட்டோரிடம் 100க்கு 6 ஆக இருந்த இக்குறை, கூர்முனைச் சப்பாத்து நாகரிகமாகிய 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளிலே 27 ஆக உயர்ந்துவிட்டதாம்.

இவ்வளவும் படித்துச் சப்பாத்தே குற்றவாளி என்று தீர்ப்பெழுத எண்ணும்போது, எமது தாயாரின் பாதம் எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும். வாழ்நாளிற் பெரும்பகுதியை வெறுங்காலோடே கழித்த அவருக்கும் அதே விரல் மொழி உண்டு. பாதத்தின் அமைப்பு பிறப்போடு வருகின்றது. கூர்முனைச் சப்பாத்து அதன்மேல் நெருப்பை ஊதுகின்றது என்பதே எமது துணிபு. முப்பத்தோராண்டுகள் வகுப்பறையிலே நின்றுகொண்டு கற்பித்தமையும் தன் பங்கைச் செய்திருக்கலாம். ஆனாற் புதுமை என்னவெனில், தாயாருக்கு 84 வயது வரையும் அந்த இடத்திலே வலி வந்ததில்லை. எமக்கோ 2019 முதல் வலி.

அவ்வலியின் உண்மையான அளவு 2022இலேதான் தெரிந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற ஆண்டு அது. இடக்காலிலே பாரத்தை ஏற்றி, வலக்காலைக் கொக்குப்போல் இலேசாக ஊன்றி, வெயிலிலே பல மணி நேரம் நின்று வந்த இரவுகளிலே, போர்வை விரலிற் படுவதும் பொறுக்காது. சத்திர சிகிச்சை செய்துகொள்ளலாமென்ற பேச்சு அப்பொழுதே எழுந்தது. ஆயினும் மருந்துத் தட்டுப்பாட்டினால், உயிராபத்தில்லாத சத்திர சிகிச்சைகளை வைத்தியசாலைகள் சில தள்ளிவைத்திருந்த காலத்திலே, கால்விரலுக்காகப் போய் நிற்பதற்கு மனம் கூசியது. அகலமான செருப்பு, விரலிடையே வைக்கும் மென்பஞ்சு, இரவில் விரலை இழுத்துக் கட்டும் பட்டி ஆகியவற்றோடு அவ்வாண்டு கழிந்தது. பட்டி கட்டியிருக்கும் வரை விரல் நேராக நிற்கும். கழற்றினால் மீண்டும் தன் இடத்துக்குப் போய்விடும். வளர்ந்தவர்களின் எலும்பை இத்தகைய பட்டிகள் நிலையாகத் திருத்துவதில்லை என்று வைத்தியர் சொன்னது எமக்குப் புதுச்செய்தியாக இருக்கவில்லை.

யோசனை சொல்வோருக்குக் குறைவில்லை. அயலிலுள்ள பெரியம்மா முறிவு நெரிவுப் பரியாரியாரிடம் எண்ணெய் போட்டு நீவச் சொன்னார். ரொறொன்ரோவிலிருக்கும் மகன் இரவோடிரவாகப் பத்து வைத்தியர்களின் விளக்கங்களை அனுப்பினான். அவற்றுள் ஐந்து, செய்யலாம் என்றன, ஐந்து, பொறுக்கலாம் என்றன. தாயார் மட்டும் உள்ளத்தை ஒளியாமற் சொன்னார்: "வெட்டிப்போட்டு உனக்கு நடக்கேலாமற் போனால் என்னை ஆர் பிள்ளை பாக்கிறது?" கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும் அது தன்னலப் பேச்சன்று. அந்த வீட்டிலே நாங்கள் இருவரே. அவரைக் கைபிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று குளிப்பாட்டுவதும், இரவிலே எழுப்பி வெளிக்கு அழைத்துப் போவதும் எமது இரு கால்களை நம்பியே நடந்தன.

2023 தையிலே எலும்பியல் சத்திர சிகிச்சை நிபுணரைக் கண்டோம். படத்தை ஒளியிலே பிடித்துப் பார்த்தவர், புடைப்பைப்பற்றி ஒன்றும் சொல்லாமல், "ரீச்சர், இந்தக் கால் உங்களை என்ன செய்ய விடுகுதில்லை?" என்று கேட்டார். அக்கேள்விக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கிணற்றடியின் ஈரச் சீமெந்திலே தாயாரைத் தாங்கி நிற்கும்போது வலப்பெருவிரலை ஊன்ற முடிவதில்லை. ஒருநாள் இருவரும் சேர்ந்து விழுந்துவிடுவோமென்ற பயம் இருக்கின்றது என்றோம். அழகுக்காக வருபவர்களுக்குத் தாம் இதைச் செய்வதில்லை என்றும், வலியும் அன்றாட வேலைத் தடையும் செருப்பை மாற்றியும் தீராதபோதே செய்வதாகவும் அவர் கூறினார். நீரிழிவு உண்டா, காலிற் குருதியோட்டம் எப்படி, புகைப்பழக்கம் உண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டார். இவை மூன்றும் புண்ணையும் எலும்பையும் ஆறவிடாமல் தாமதிக்கச் செய்வன.

நன்மையைச் சொன்னது போலவே தீமையையும் மறைக்காமற் சொன்னார். விரல் முன்போல மடங்காமல் விறைக்கலாம். பக்கத்திலே தோல் மரத்துப் போகலாம். சிலருக்கு ஆண்டுகள் சென்றபின் கோணல் திரும்பவும் வரலாம். கிருமி தொற்றலாம். வீக்கம் வற்ற ஆறு மாதம், சிலருக்கு ஓர் ஆண்டும் செல்லும். இக்குறைக்கு நூற்றுக்கு மேற்பட்ட சத்திர சிகிச்சை முறைகள் உலகிலே விவரிக்கப்பட்டுள்ளன என்றும், ஒரே முறை எல்லாருக்கும் பொருந்தாது என்றும் கூறி, எமக்கு ஏற்றது 'ஸ்காப்' முறை என்றார். இப்பெயர் தச்சுத் தொழிலிலிருந்து வந்ததாம். இரண்டு மரங்களைப் படிவைத்து வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி இணைப்பதை ஆங்கிலத் தச்சர் அவ்வாறு சொல்வர். நீண்ட எலும்பை அவ்விதம் படிபோல வெட்டி, பக்கவாட்டிலே நகர்த்தி, இரண்டு சிறு திருகாணிகளால் இறுக்குவார்கள். எமது வீட்டு வளைகளை மாற்றிய ஆசாரியாரிடம் இதைச் சொன்னபோது, அவர் வேலையை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் விளக்கம் கேட்டார். டாக்குத்தர்மாரைப்பற்றி அவருக்கிருந்த மதிப்பு அன்று உயர்ந்துவிட்டது.

எஞ்சியது ஆறு கிழமைக் கணக்கு. வெட்டிய எலும்பு பொருந்த ஏறத்தாழ ஆறு கிழமை வேண்டும். வவுனியாவிலிருக்கும் தங்கை தொலைபேசியிலே, "அக்கா, அம்மாவை நான் பாக்கிறன். நீங்கள் காலைப் பாருங்கோ" என்றாள். அவளுடைய இரண்டாவது பிள்ளைக்கு அவ்வாண்டு பரீட்சை. அதனை அறிந்தும் அவ்வுதவியை ஏற்றுக்கொண்டோம். முடிவு அன்றிரவே ஆயிற்று.

சத்திர சிகிச்சை மாசியிலே நடந்தது. முதுகந்தண்டிலே ஊசி, அதன்பின் கணுக்காலைச் சுற்றியும் விறைப்பு ஊசி. ஒரு மணி நேரத்திலே காரியம் முடிந்தது. அறுவை அறையைப்பற்றி எழுத வேறொன்றுமில்லை. எழுத வேண்டியது அதற்குப் பின்வந்த இரவைப்பற்றியே.

கணுக்காலின் விறைப்பு சில மணி நேரம் நிற்கும்; எமக்கு நடுநிசி வரை நின்றது. அதுவரை வலியே இல்லை. அந்த வேளையிலேதான் தாதி மாத்திரையைக் கொண்டுவந்தார். வலிக்கவில்லையே என்றோம். "வலி வந்த பிறகு போட்டால் அதுதான் முன்னுக்கு ஓடும், மருந்து பின்னாலே ஓடும்" என்றார் அவர். விறைப்பு இறங்குமுன் மருந்து குருதியிலே இருந்தாக வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரம் தவறாமல் விழுங்குவதே முறை. அப்படி விழுங்கியும் அன்றிரவு இரண்டு மணிக்கு வலி வந்தது. ஆனால் வாயிலை உடைத்துக்கொண்டு வரவில்லை, தட்டிவிட்டு வந்தது.

வீட்டிலே தங்கை ஒரு கொப்பியிலே கோடிட்டு, மருந்து, நேரம், அளவு என்று எழுதி வைத்தாள். 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 24 மணி நேரத்திலே எட்டுக்கு மேற் போகக்கூடாது. மேற்போனால் ஈரல் பழுதாகும். தடிமனுக்கு வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருப்பதால், அந்த நாட்களிலே அவற்றை நெருங்கவில்லை. வீக்கத்துக்குரிய மாத்திரையை உணவின்பின், குறித்த நாட்களுக்கு மட்டும் எடுத்தோம். வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதனை வைத்தியரைக் கேளாமல் தொடலாகாது. கடுமையான வலிக்கென்று தந்த வலுவான மாத்திரை மூன்று இரவுகளுக்கே தேவைப்பட்டது. அது வலியை அடக்கியது உண்மை. தலைச்சுற்றையும் மலச்சிக்கலையும் கூடவே அழைத்துவந்தது. பப்பாசிப்பழமும் தண்ணீரும் பின்னதைச் சரிசெய்தன.

மாத்திரைக்கு நிகரான மருந்து காலை உயர்த்தி வைத்தலே. கதிரையில் இருந்துகொண்டு காலைச் சிறு முக்காலியில் வைப்பதை உயர்த்துதல் என்று பலர் எண்ணுகின்றனர். அது போதாது, படுத்திருந்து, பாதம் நெஞ்சின் மட்டத்துக்கு மேலே வரத் தலையணைகளை அடுக்க வேண்டும். காலைக் கீழே தொங்கவிட்ட அரைநிமிடத்திலே குருதி இறங்கி, விண் விண்ணென்று இடிக்கும். முதல் இரண்டு கிழமையும் மணிக்கூற்றிலே பெரும்பகுதி அப்படியே கழிந்தது. ஐஸ்கட்டியைத் துணியிற் சுற்றிக் கணுக்காலின்மேலே கால்மணி நேரம் வைப்போம். கட்டு நனையாமற் பார்ப்பது தங்கையின் வேலை.

வலியும் ஒரேவகைப்பட்டதன்று. இடிக்கும் வலி, கடுக்கும் வலி, இரவிலே மின்னல்போல் விரலோரம் ஓடி மறையும் நரம்பு வலி என்று அவற்றைப் பெயரிட்டுப் பிரித்துக்கொண்டோம். பெயரிட்டபின் பயம் குறைந்தது. பயப்பட வேண்டியவை எவை என்பதை வைத்தியசாலையிலே துண்டெழுதித் தந்திருந்தார்கள்: மாத்திரைக்கு அடங்காமல் ஏறும் வலி, காய்ச்சல், கட்டினூடே கசிவும் துர்நாற்றமும், விரல் நீலம் பாரித்தல், கெண்டைக்காலிலே வீக்கமும் நோவும், மூச்சு முட்டுதல். ஒன்பதாம் நாள் கெண்டைக்கால் நொந்தது. நாளங்களிலே குருதி உறையும் அடையாளமாக இருக்கலாமென்று அன்றே சென்று ஸ்கான் செய்வித்தோம். உறைவு இல்லை, அசையாமற் கிடந்த தசையின் பிடிப்பு என்றார்கள். அன்றுமுதல் படுக்கையிலே இருந்தபடியே முழங்காலை மடக்கி நீட்டுவதை மணிக்கொருதரம் செய்தோம்.

இதனிடையே வீட்டிலே வேறொரு சிக்கல். தாயார் தங்கையின் கையாற் குளிக்க மறுத்துவிட்டார். மூன்று நாள் மழுப்பினார். நான்காம் நாள் வெளிப்படையாகவே மறுத்தார். "அவளுக்கு என்ரை தோள் நோவு தெரியாது" என்பது அவர் சொன்ன காரணம். மூன்றாம் கிழமையின் முதல்நாள், தையல் வெட்டியபின், குதியிலே மட்டும் பாரம் தாங்கும் விறைத்த அடியுடைய விசேட சப்பாத்தை அணிந்து, ஊன்றுகோலோடு கிணற்றடிக்குப் போய், நிழலிலே கதிரை போட்டு இருந்துகொண்டோம். கால் இன்னொரு கதிரையிலே. "வலத்தோளைத் தூக்காதை, இடப்பக்கமாய் வார்" என்று நாம் சொல்ல, தங்கை வார்த்தாள். தாயார் ஒன்றும் பேசாமற் குளித்தார். முடிந்ததும், ஈரத்தலையோடு எமதருகே வந்து, கட்டுக்கு மேலே கணைக்காலிற் கைவைத்து, "சுடுகுது" என்றார். அவ்வளவே. மறுநாள் முதல் தங்கையின் கை அவருக்குப் போதுமாயிற்று.

ஆறாம் கிழமைப் படத்திலே எலும்பு பொருந்தியிருந்தது. அதன்பின் விரலுக்குப் பயிற்சி: கையாற் பிடித்து மேலும் கீழும் வளைத்தல், தரையிலே விரித்த துவாயைக் கால்விரல்களாற் சுருட்டி இழுத்தல். இதுவும் வலிக்கவே செய்தது. ஆயினும் அது பயிற்சி முடிந்ததும் அடங்கும் வலி. வீக்கம் மாலைதோறும் வந்து காலையிலே வற்றும். பெருவிரலின் உட்பக்கத்திலே ஒரு ரூபாய் நாணயமளவு தோல் இன்றும் மரத்தே இருக்கின்றது. இதனால் அவ்வாண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு மாலையிலேயே போனோம். சூடு தெரியாத தோலோடு நண்பகல் மணலிலே வெறுங்காலாக நடப்பது தகாது.

பெருவிரல் இன்று நேராக நிற்கின்றது. முன்போல முழுதும் மடங்காது. ஈரச் சீமெந்திலே ஊன்றி நிற்க முடிகின்றது. இடக்காலிலும் புடைப்பு உண்டு. கடைசி முறை கண்டபோது நிபுணர் அதனைக் காட்டி, இதற்கு என்ன செய்வோம் என்றார். அது எம்மை ஒன்றும் செய்யவிடாமல் தடுக்கவில்லை என்றோம். அவர் சிரித்துவிட்டு, அட்டையிலே ஒன்றும் எழுதாமல் மூடினார்.