குண்டு விழுந்த எல்லைக்கு அப்பால்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிறவர் பயணத்தைத் தேவனாம்பட்டினத்தில் தொடங்குவது நல்லது. அங்கிருந்த புனித டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. எல்லை வகுக்க யாரும் சங்கிலி பிடிக்கவில்லை, பீரங்கியைத்தான் சுட்டார்கள். குண்டு எட்டிய தொலைவுக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சேர்ந்தன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயருக்கு இன்றும் அந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். குண்டு விழுந்த இடத்துக்கு அப்பால் இருந்தது கம்பெனிக்காரர் கண்ணுக்கு அந்நிய நிலம், போகப் போகக் காடு. அந்த எல்லையைக் காக்கச் சம்பளத்துக்குச் சேர்ந்த உள்ளூர்ச் சேவகர்களுக்கும் அது காடுதானா? இல்லை என்றே நினைக்கிறேன். ஒரு நிலம் காடா, வழியா என்பதை மரங்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. அதைக் கடப்பவர் எதைச் சுமந்துகொண்டு போகிறார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

அந்தச் சேவகர்கள் யார்? 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. கோட்டையில் ஐரோப்பிய வீரர்கள் சுமார் 200 பேர்தான் இருந்தார்கள். அதனால் நாட்டுச் சேவகர்கள் 2000 பேரை அமர்த்தி, எட்டு ஒன்பது நூறு துப்பாக்கிகளை அவர்களிடையே பங்கிட்டுக் கடலூர்க் காவலுக்கு நிறுத்தியதாக வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தம் நூலில் எழுதுகிறார். ஐரோப்பிய முறையிலான பயிற்சி அப்போது அவர்களுக்குக் கிடையாது. 1748இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் கம்பெனிப் படைத்தலைவராக வந்த பிறகுதான் படை ஒழுங்கு உருப்பெற்றது. இவர்களை அந்நாளைய போலீஸ் என்றே நான் பார்க்கிறேன். படையாள் என்று சொல்லலாம், போலீஸ் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். அந்நாளில் இரண்டுக்கும் நடுவே யாரும் கோடு கிழிக்கவில்லை. வாசலில் காவல் நிற்பதும், கடிதம் கொண்டுபோவதும், சரக்குக்கு வழித்துணை போவதும், சண்டை வந்தால் துப்பாக்கி தூக்குவதும் சேவகன் வேலைதான். சென்னை மாகாணத்துக்கென்று ஒழுங்கான தனிப் போலீஸ் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தோடுதான் வந்தது.

அவர்கள் நடந்த நிலத்தைப் பற்றி ஊர்ப்பெயர்களே சாட்சி சொல்லும். தென்மேற்கே குறிஞ்சிப்பாடி. பாடி என்றால் குடியிருப்பு. தறிகளுக்குப் பெயர்போன அந்த ஊரின் பக்கத்தில் வயல்களுக்கு நீர் தரும் பெருமாள் ஏரி இருக்கிறது. தெற்கே போனால் புதுச்சத்திரம், கடலோரத்தில் பரங்கிப்பேட்டை. சத்திரம் என்றும் பேட்டை என்றும் முடியும் பெயர்கள் ஆள் நடமாட்டத்தால் வந்தவை. அதற்கும் தெற்கே சிதம்பரம், நடராசரைக் காண ஊர் ஊராக ஆட்கள் காலங்காலமாக நடந்து வந்த தலம். புதுச்சேரியில் இருந்தபடியே ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் கூடலூர் (கடலூர்), தேவனாம்பட்டினச் சேதிகளை எழுதிவைக்க முடிந்ததென்றால், சேதி கொண்டுவரும் கால்கள் ஓயாமல் நடந்திருக்கின்றன என்றுதான் பொருள்.

அப்படியானால் காடே இல்லையா? இருந்தது. தஞ்சாவூர் அரியணையை, அதை இழந்த சாகுஜிக்கு மீட்டுத் தருவதாகச் சொல்லி 1749இல் கம்பெனி தேவிக்கோட்டைக்குப் படை அனுப்பியது. ஐரோப்பியர் 430 பேர், சிப்பாய்கள் 1000 பேர். அங்கே கொள்ளிடக் கரையில் இருந்த அடர்ந்த காட்டை ஓர்மும் குறிப்பிடுகிறார். ஆனால் படையை முதலில் அடித்தது அந்தக் காடு அல்ல, ஏப்ரல் மாதப் புயல். வெள்ளாற்றங்கரையில் கூடாரங்கள் கிழிந்தன, வண்டி மாடுகள் செத்தன. கடலில் நமூர் என்ற போர்க்கப்பல் நூற்றுக்கணக்கானவர்களோடு மூழ்கியது. கோட்டைச் சுவரை உடைக்கும் பெரும் பீரங்கிகள் கப்பலில் இருந்ததால், தேவிக்கோட்டை வரை நடந்து போயும் படை வெறுங்கையோடு திரும்பியது. இரண்டாம் முறை லாரன்ஸ் கடல் வழியாகவே போய்க் கோட்டையைப் பிடித்தார். தரைவழி ஆகாது என்பதற்கு இதுவே சான்று என்று வாதிடலாம். ஆகாதுதான், பீரங்கி வண்டிக்கும் அதை இழுக்கும் மாட்டுக்கும். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் சேவகனுக்கு ஒற்றையடிப் பாதை போதும். இன்னொரு மறுப்பில் நியாயம் உண்டு. கம்பெனிச் சிப்பாய்கள் எல்லோரும் இந்த மண்ணின் ஆட்கள் அல்லர், தலைச்சேரியிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த நிலம் புதிதுதான். ஆனாலும் ஆற்றில் எங்கே இறங்கிக் கடக்கலாம் என்று சொல்ல, கூடவே நடக்கும் உள்ளூர்ச் சேவகன் ஒருவன் போதும்.

கனடாவிலும் இதே கதைதான். அங்கே புதிதாகத் திரட்டிய வடமேற்குக் குதிரைப் போலீஸார் சுமார் 275 பேர் 1874 ஜூலையில் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். இரண்டு பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டு போனதில் குதிரைகள் மடிந்தன, வழியும் தவறியது. பழங்குடித் தாய்க்குப் பிறந்த ஜெர்ரி பாட்ஸ் என்பவரை வழிகாட்டியாக அமர்த்திய பிறகே சேர வேண்டிய இடம் சேர்ந்தார்கள். அவர் பெயராவது வரலாற்றில் நின்றது. கடலூர்ச் சேவகர்கள் 2000 என்ற எண்ணிக்கையாக மட்டும் மிஞ்சினார்கள்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் அந்தப் பழைய காட்டின் சாயலை இன்றும் பார்க்கலாம். அந்தப் பக்கத்துத் தில்லை மரம்தான் சிதம்பரத்துக்கே தில்லை என்ற பெயரைத் தந்தது. படகில் ஏறும் வெளியூர்க்காரருக்கு எந்தக் கால்வாயும் ஒன்றுபோலவே தெரியும். துடுப்பு போடுகிறவருக்கோ ஒவ்வொரு திருப்பமும் தெரு முனைதான்.