தனுஷ்கோடியில் ஒரு கணக்கு

ராமேசுவரத்தில் பஸ் ஏறினால் தனுஷ்கோடி சுமார் 20 கிலோமீட்டர்தான். இரு புறமும் கடல். நடுவே நாடாவைப் போல ஒரு சாலை. 2017-ல் அரிச்சல்முனை வரை தார் போடுவதற்கு முன்பு மணலில் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். இப்போது சௌக்கியமாகப் போகலாம். சௌக்கியமாகப் பார்க்கக் கூடிய இடம்தானா அது என்பது வேறு விஷயம்!

மேற்கூரை போன கிறிஸ்தவக் கோயில், ரயில் நிலையத்தின் மொட்டைச் சுவர்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. இவைதான் மிச்சம். 'போட் மெயி'லில் சென்னையிலிருந்து வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னாருக்குப் போவார்கள். சேதுஸ்நானத்துக்கு வருகிறவர்கள் வேறு. ஆக, எந்த நாளிலும் ஊர்க்காரர்களோடு வந்து போகிறவர்களும் கலந்தே இருப்பார்கள். இதை மறந்துவிடாதீர்கள், வாசகர்களே, பின்னால் தேவைப்படும்.

1964, டிசம்பர் 22. நள்ளிரவுக்கு ஐந்து நிமிஷம். பாம்பனிலிருந்து வந்த 653-ம் நம்பர் பாசஞ்சர், ஸ்டேஷனை எட்டச் சில நூறு கெஜமே பாக்கி. புயலோடு எழுந்த ராட்சத அலை வண்டியை அப்படியே வாரிக் கொண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை.

எத்தனை பேர்? 110 பிரயாணிகள், 5 ஊழியர்கள்; மொத்தம் 115 என்பது ரயில்வேயின் கணக்கு. ஆனால் அந்த 110 டிக்கெட்டை வைத்து வந்த எண்ணிக்கை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள், 200 பேர் கூட இருக்கலாம் என்கிறார்கள். நம் ஊர் ரயிலில் பிரயாணம் செய்தவர் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்!

வண்டிக்காவது டிக்கெட் இருந்தது. ஊருக்கு? புயலில் மாண்டவர்கள் 1,800-க்கு மேல் என்று எழுதுகிறார்கள். எண்ணிப் பார்க்க உடல்கள் வேண்டுமே! கடல் கொண்டு போனதைக் கடல் எல்லாம் திருப்பித் தரவில்லை.

கோயிலருகே சங்கு மாலை விற்றுக் கொண்டிருந்த மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். அப்போது அவருக்குப் பத்து வயது.

"எங்க வீட்டுல நாலு பேரு போயிட்டாங்க, தம்பி. ஆபீசருங்க வந்து எழுதிக்கிட்டாங்க. ஆனா அன்னிக்குத் தலைமன்னார்லேருந்து சின்னம்மா வந்திருந்தா, கைக்குழந்தையோட. அவ இந்த ஊருக்காரி இல்லையே!"

"அவர்களை எழுதிக் கொள்ளவில்லையா, அம்மா?"

"யாரு கேட்டா? நானும் சின்னப் புள்ளை. சொல்லத் தெரியலை."

ஆறு வருஷங்கள் கழித்து, 1970 நவம்பரில், இதே வங்காள விரிகுடா கிழக்குப் பாகிஸ்தானின் கரையில் ஏறியது. அதுதான் இன்றைய வங்கதேசம். அங்கேயும் பிரேதங்களை எண்ண வழியில்லை. டாக்காவிலிருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். கிராமங்கள் சிலவற்றைப் பொறுக்கி, பிழைத்தவர்களிடம் போய், "புயலுக்கு முன் உங்கள் வீட்டில் எத்தனை பேர்? இப்போது எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். அதைப் பெருக்கிப் பார்த்ததில் குறைந்தபட்சம் 2,24,000 பேர் மாண்டதாகத் தெரிந்தது. 'குறைந்தபட்சம்' என்று ஏன் போட்டார்கள் தெரியுமா? ஒருவர் கூட மிஞ்சாத வீட்டில் யாரிடம் போய்க் கேட்பது? அறுவடைக்கு வந்திருந்த வெளியூர்க் கூலியாட்களும் அதில் சேரவில்லை. மொத்தம் 3 லட்சம், 5 லட்சம் என்று இன்றும் பலவிதமாகச் சொல்கிறார்கள். யுத்தமோ, பூகம்பமோ, எங்கேயும் இந்தக் கதைதான். முதல் நாள் பத்திரிகையில் வருகிற எண்ணைப் பார்த்து, 'இவ்வளவுதானா!' என்று நானும் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

இருட்டுவதற்குள் பிரயாணிகள் ஊரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். பஸ் ஹாரன் அடித்தது. மாலை ஒன்று வாங்கிக் கொண்டு, குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"பேரு வைக்கலை, தம்பி. அதுக்குத்தான் வந்திருந்தா."