தண்ணீர் குடிக்காமல் பார்த்த நகரம்

அப்பா மூன்று முறை சென்னைக்குப் போய் வந்தார். இரண்டு முறை கருப்பட்டி வியாபாரத்துக்கு, ஒரு முறை சொந்தக்காரர் கல்யாணத்துக்கு. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்த பின் ஒரு வாரத்துக்கு உடன்குடி வீட்டுத் திண்ணையில் சென்னைக் கதைதான். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சென்னை என்பது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஓர் ஆண்குரல்.

அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து, தன் 72ஆவது வயதில், “ஒரு நாளு மெட்ராஸப் பாத்துட்டு வருவமா?” என்றாள். திருச்செந்தூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். மறுநாள் காலை, நகரத்தை ஒரே பகலில் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் இரண்டு சீட்டு.

புறப்படும்போதே தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாமென்று தலையசைத்தாள். “பஸ்ஸு எங்க நிக்கும், எங்க நிக்காதுன்னு நமக்கென்ன தெரியும்?” வரலாற்றுச் சுற்றுலாவுக்கு அம்மா செய்துகொண்ட முன்தயாரிப்பு அது ஒன்றுதான். பஸ்ஸில் இருந்த மற்ற பெண்களின் பாட்டில்களையும் பார்த்தேன். பெரும்பாலானவை திறக்கப்படவே இல்லை.

முதலில் ஜார்ஜ் கோட்டை. 1680இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயத்தில் வழிகாட்டி உற்சாகமானார். இங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது என்றார்.

“பொண்ணு யாரு?” என்று கேட்டாள் அம்மா.

“ஒரு விதவைம்மா” என்றார் அவர். சொன்ன பிறகே அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்திருப்பார் போல. சட்டென்று அடுத்த கல்வெட்டுக்குப் போய்விட்டார்.

அவருக்குப் பெயர் உண்டு, கேத்தரின் ஹின்மர்ஸ் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸும் யேலுக்குப் பிறந்த சிறு மகன் டேவிட்டும் அடக்கமான கல்லறைத் தூண் உயர் நீதிமன்றப் பக்கம் இன்னும் நிற்கிறது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “புருசனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவளா” என்றாள் பிறகு. வழிகாட்டி சொன்ன ‘விதவை’ அதற்குள் அவளுக்கு ஓர் ஆளாகிவிட்டிருந்தது.

சட்டமன்றம் இருக்கும் கோட்டை அது. 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து அதன் துணைத் தலைவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் வழிகாட்டியின் வாயில் வரவில்லை. தேவதாசி முறைக்கு எதிராக அவர் தொடங்கிவைத்த சட்டப் போராட்டம் 1947இல்தான் சட்டமாக முடிந்தது. அதையும் நான்தான் சொன்னேன். முன் சீட்டுப் பெண் ஒருத்தி திரும்பி, “சத்தமாச் சொல்லுங்கக்கா” என்றாள்.

மெரினா சாலையில் பஸ் வேகம் குறைந்தது. உழைப்பாளர் சிலை. 1959இல் திறக்கப்பட்டது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. பாறையை நெம்பித் தள்ளும் நான்கு ஆண்கள். எல்லாரும் செல்போனை உயர்த்தினார்கள். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, “ஒரு பொம்பளகூட இல்லியே. இவங்களுக்குச் சோறு கொண்டுவந்தவ எங்கட்டி?” என்றாள்.

எங்கள் ஊரில் பனை ஏறுவது ஆண்கள், பதநீரைக் காய்ச்சுவது பெண்கள். விளையில் விறகுப் புகைக்குள் நின்று, பாகு பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி எடுக்கும் வரை அது பெண்ணுடைய வேலை. அம்மா 30 வருடம் அதைச் செய்தாள். ஆனால் ‘பனைத் தொழிலாளி’ என்றதும் நம் மனக்கண்ணில் வருகிறவர் மரத்தில்தான் இருக்கிறார். வகுப்பில் உழைப்பைப் பற்றி எத்தனையோ கவிதைகள் நடத்தியிருக்கிறேன். அந்தச் சிலையில் யார் இல்லை என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை.

அடுத்து, 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகள். பெண்கள் என்று பார்த்தால் கண்ணகி, ஔவையார். 2001 டிசம்பரில் கண்ணகி சிலை அகற்றப்பட்டது, 2006இல்தான் திரும்பவும் வைக்கப்பட்டது. நீதி கேட்டுச் சிலம்பைத் தூக்கியவளின் சிலையையே இரவோடு இரவாக எடுத்துவிட முடிந்த நகரம் இது.

“பிஷப் கால்டுவெல்” என்று மைக்கில் கேட்டதும் அம்மா நிமிர்ந்தாள். “நம்ம இடையன்குடிக்காரரு!” 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா என் பக்கம் குனிந்தாள். “அந்தம்மா சிலை எங்க?”

எலைசா கால்டுவெல். நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள். இடையன்குடியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, ரேந்தை பின்னக் கற்றுத்தந்தவர். அம்மாவின் பெரியம்மா ரேந்தை பின்னுவாராம், அந்தக் காசு அவர் கையிலேயே இருக்குமாம். நான் முனைவர் பட்டத்துக்காகக் கால்டுவெல்லை வரிவரியாகப் படித்தவள். எலைசாவை எனக்கு நினைவூட்ட, பள்ளிக்கூடம் அதிகம் போகாத அம்மா வேண்டியிருந்தது.

ராணி மேரிக் கல்லூரியைப் பஸ் நிற்காமல் கடந்தது. வழிகாட்டி இறங்கும் இடம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 1914இல் டாரதி டி லா ஹே முதல்வராக இருந்து தொடங்கிய கல்லூரி, சென்னை நகரத்தின் முதல் பெண்கள் கல்லூரி. 2003இல் அதை இடித்துவிட்டுப் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவெடுத்தது. மாணவிகள் வெளியேற மறுத்து வளாகத்துக்குள்ளேயே இருந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இதைச் சொல்லும்போது பின் சீட்டுகளில் ஐந்தாறு பெண்கள் என் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

“வெளிய போமாட்டோம்னு சொன்னாளுவளா?” என்று கேட்டாள் அம்மா.

“ஆமா.”

“உள்ள கக்கூஸ் இருந்திருக்கும்லா.”

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. ஓரிடத்தில் நிலைத்து நிற்க ஒரு பெண்ணுக்கு முதலில் என்ன வேண்டும் என்று காலையிலிருந்து உடம்பால் யோசித்துக்கொண்டிருந்தவள் அவள். மாலை நான்கு மணிக்குத்தான், சாப்பிட்ட இடத்துக்குப் பிறகு முதல்முறையாக, ஒரு கழிப்பறை கிடைத்தது. வரிசையில் 20 பேர். எல்லாரும் பெண்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் கல்லூரி முடிந்து வந்தபோது, திண்ணையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா, அப்பா உட்காரும் இடத்தில். புருசனையும் பிள்ளையையும் பறிகொடுத்த வெள்ளைக்காரி ஒருத்தி, டாக்டருக்குப் படித்துச் சட்டசபைக்குப் போனவள், கல்லூரியை விடமாட்டோம் என்று உள்ளேயே கிடந்த பிள்ளைகள் என்று அவள் சென்னை விரிந்துகொண்டிருந்தது. யேலும் இல்லை, கிளைவும் இல்லை. நான் அடுப்படிக்குப் போய்க் காபி போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது:

“அடுத்த தடவ போனா அந்தக் காலேஜு வாசல்ல எறங்கணும். போகும்போதே வயிறு நெறையத் தண்ணியும் குடிச்சிட்டுப் போணும்.”