செடிச்சாறுதானே என்று நினைத்தால்...

குரங்கணிக்கு வருகிறவர்களின் கண் பெரும்பாலும் மேலேதான் இருக்கும். டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை, ஏலக்காய்த் தோட்டம். பிள்ளைகளுக்கு மட்டும் கீழே ஓடும் தண்ணீர்தான் பிடிக்கும். காலை நனைத்துக்கொண்டு நின்றால் சின்னச் சின்ன மீன்கள் வந்து விரலைக் கொறிக்கும். ஒரே கூச்சல், சிரிப்பு!

இந்த மாதிரி மீன்களை வலையே இல்லாமல் பிடிக்கும் வழக்கம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கிராமங்களில் உண்டு. கோடையில் ஓடை வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கும்போது, மருக்காரைக் காயை இடித்தோ, கள்ளிப்பாலையோ அதில் கலப்பார்கள். சற்று நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். கையாலேயே அள்ளிக்கொள்ளலாம்.

மருக்காரையில் என்ன இருக்கிறது? எண்ணெய்க் குளியலுக்குத் தேய்க்கும் பூந்திக்கொட்டையையும் இலுப்பைப் புண்ணாக்கையும் நுரைக்க வைக்கிறதே, அதே சப்போனின்தான். நம் தலையில் அழுக்கைப் போக்குவது, மீனின் செவுளை அரித்துவிடுகிறது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் மீன் மூச்சுமுட்டிச் சாகிறது.

மீன் பண்ணைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குஞ்சு விடுவதற்கு முன், குளத்தில் இருக்கும் விராலையும் கெளுத்தியையும் ஒழிக்க, லிட்டருக்கு 250 மில்லிகிராம் கணக்கில் இலுப்பைப் புண்ணாக்கு போடுவார்கள். பிறகு இரண்டு மூன்று வாரம் காத்திருந்துதான் குஞ்சு விடுவார்கள். அது மூடிய குளம். ஓடைக்கு அப்படிக் காத்திருக்க யார் இருக்கிறார்கள்? நாம் பிடிக்க நினைத்தது நாலு பெரிய மீன். சாவதோ குஞ்சும் சேர்த்துத்தான்.

மீன் பிடிக்க நீரில் விஷம் கலப்பது குற்றம் என்று 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே சொல்கிறது. செடி விஷத்துக்கு அதில் தனிச் சலுகை கிடையாது.

மீன் பிடிக்காதவர்களும் கவனிக்க ஒன்று உண்டு. வேப்பெண்ணெய்க் கரைசல், புகையிலைக் கஷாயம் எல்லாம் 'இயற்கை மருந்து' என்பதால் பயமில்லாமல் அடிக்கிறோம். பூச்சியைக் கொல்லும் அந்தச் சாறு அளவு மீறினால் மீனையும் கொல்லும். மருந்தடித்த டேங்கை ஓடையில் கழுவாமல், அந்தத் தண்ணீரைத் தோட்டத்து மண்ணிலேயே ஊற்றிவிடலாம். குரங்கணி மலையிலிருந்து இறங்கும் கொட்டகுடி ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே போடி ஊரே குடிக்கிறது.

அடுத்த கோடையிலும் பிள்ளைகள் வந்து காலை நனைப்பார்கள். கொறிக்க மீன் இருக்க வேண்டும்.