கழித்த கணினியும் அரைப்பேரும்

தேயிலைத் தூசியின் கதை எமது வாசகர்களுக்குப் புதிதன்று. உயர்ந்த இரகம் கப்பலேறிவிடும்; பறித்தவளின் கோப்பைக்குச் சலித்து ஒதுக்கியதே மிஞ்சும். ஆதலால், ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் நாம் சனிக்கிழமைதோறும் நடத்தும் வகுப்புக்குக் கொழும்பிலிருந்து ஆறு பழைய மடிக்கணினிகள் வந்து சேர்ந்தபோது, மகிழ்ச்சியைவிட ஐயமே எம்மிடம் மேலோங்கி நின்றது. நகரம் கழித்ததெல்லாம் மலைக்குத்தானா?

இயந்திரங்களில் உண்மையான பழுது அதிகம் இருக்கவில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதி முடித்துக்கொண்டது. 2017-க்கு முந்திய கணினிகளிற் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை என்பது அந்நிறுவனம் வகுத்த விதி. இவ்வாறாக, ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஒரு திகதியினால் கிழமாயிற்று! அறுபது வயதிலும் மலையேறிக் கொழுந்தெடுக்கும் கிழவிகளைக் கண்ட எமக்கு இந்தக் கணக்குப் பிடிபடவில்லை. சுழலும் தட்டுக்களைக் கழற்றி எஸ்.எஸ்.டி. பொருத்தினோம், பாரமற்ற திரையமைப்புடன் லினக்ஸ் மின்ட்டை நிறுவினோம். நான்கு கிகாபைட் நினைவகத்துடன் அவை மறுபடியும் எழுந்து நின்றன.

"சேர், இது ஏழைப் பிள்ளைகளுக்குன்னு செஞ்ச விண்டோஸா?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். லயத்துப் பிள்ளை, கேள்வியின் கூர்மை அங்கிருந்தே வந்தது.

இல்லை என்றோம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ இயக்கத்தையும், 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் வெளியிட்ட கருவையும் பற்றிச் சொன்னோம். 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் இதிலேயே இயங்குகின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எமது நாட்டு இளைஞர்கள் எழுதிய 'சகானா' என்ற நிவாரண மென்பொருளும் இத்தகைய திறந்த மூலத்தைச் சார்ந்ததே. இயந்திரம் தூசியாக இருக்கலாம். உள்ளே ஓடுவது முதல்தரக் கொழுந்து.

இதை மிகைப்படுத்தவும் நாம் விரும்பவில்லை. மின்கலங்கள் செத்தவை, லயத்தில் மின்சாரம் ஒருகணம் துடித்தால் எழுதியதெல்லாம் போகும். இணையப் பக்கங்கள் நாலைந்தை ஒருங்கே திறந்தால் இயந்திரம் திணறும். மழைக்கால ஈரத்தில் விசைகள் இறுகும். அலுவலகம் ஒன்று தனக்குப் பழகிய கோப்பு வடிவம் இல்லையென்று எமது விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியதும் உண்டு. ஆயினும், நிரல் எழுதுவதற்கு இந்தக் குறைகள் பெரிதாகத் தடையிடுவதில்லை. பைத்தனுக்கு இணையம் வேண்டியதில்லை. அதன் விளக்க நூலையும் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். கிட் என்ற கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் தொடர்பின்றியே பதிந்து வைக்கும். சிக்னல் தேடிக் குன்றேறிய 2020, 2021 ஆண்டுகளின் பிள்ளைகளுக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதைச் சமவெளியார் அறியார்.

அந்த மாணவி முதலில் எழுதியது விளையாட்டு நிரல் அன்று. நாளுக்கு மூன்று தடவை நிறுக்கும் கொழுந்தின் கிலோக் கணக்கைத் தாய் மாலையில் சொல்லுவாள். மகள் அதைத் தமிழிலேயே பதிந்து வைப்பாள். குறித்த நிறை எட்டினால் முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். மாத முடிவில் நிரல் சம்பளத்தைக் கூட்டிக் காட்டிற்று. சம்பளச் சீட்டில் மூன்று நாட்கள் அரைப்பேராக விழுந்திருந்தன. மகளின் கணக்கில் அவை முழுப்பேர்.

தோட்டத்தின் பெயரை நாம் இங்கே எழுதோம். தாய் அச்சிட்ட தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்து, நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "பக்கத்துக் காம்பராக்காரிக்கும் ஒண்ணு போட்டுக் குடு, புள்ள" என்றாள்.

இப்பொழுது அந்த நிரலில் பதினொரு பெண்களின் கணக்கு இருக்கிறது. தாள்களைத் தொழிற்சங்கக் காரியாலயத்துக்கு எடுத்துச் செல்லும் நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. அச்சு மையும் தீர்ந்துவிட்டது.