கைடும் காசும்

எம்.எஸ்சி. தாவரவியல் முடித்ததும் திருப்பனந்தாளில் எனக்குக் கிடைத்த யோசனை ஒன்றுதான்: "முதல்ல பி.எச்டி.க்குப் பதிவு பண்ணிடு, உதவித்தொகை பின்னால வரும்." அப்படிப் பதிவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டணத்தைக் கைக்காசிலிருந்து கட்டி, பகலெல்லாம் டியூஷன் எடுத்து, ஆராய்ச்சியை ராத்திரிக்குத் தள்ளி, பாதியில் விட்டவர்கள். நல்ல மூளைக்காரர்கள். நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

அதனால் கைடையும் காசையும் சேர்த்தே தேடினேன். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கியவருக்குக் கவலை குறைவு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. அது மாணவர் பெயருக்கு வரும் பணம். எனக்கு ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை. என் போன்றவர்களுக்கு மிச்சமிருந்தது பேராசிரியர்கள் வாங்கும் பிராஜெக்டிலிருந்து வரும் ஸ்டைபண்ட்.

அந்த நாட்களில் எனக்குத் தெம்பு தந்தது பக்கத்துக் கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. பட்டம் கிடையாது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டுப் பரிந்துரைத்து எழுத, 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. விவரம் தெரிந்த ஒருவர் கண்ணில் வேலை பட்டதால் நடந்தது அது. இது புரிந்த பிறகு நான் வெறும் பயோடேட்டா அனுப்புவதை நிறுத்தினேன். நெல் குலைநோய் பற்றிய ஒரு பேராசிரியரின் கட்டுரையைப் படித்து, எங்கள் வயலில் நான் கண்டது எதில் அதோடு ஒத்துப்போகிறது, எதில் போகவில்லை என்று ஒரு பக்கம் எழுதி அவருக்கு அனுப்பினேன். நேரில் வரச்சொல்லிப் பதில் வந்தது.

போன இடத்தில் சாரைப் பார்க்கும் முன் ஆய்வகத்தில் ஒரு சீனியர் அக்கா பெட்ரி டிஷ்களில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்: "தம்பி, பிராஜெக்ட் எத்தனாவது வருஷம்னு கேட்டியா?" எனக்கு உறைத்தது. பெரும்பாலான பிராஜெக்ட் மூன்று வருடம்தான். பி.எச்டி.க்கு யுஜிசி விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. இரண்டாம் வருடத்தில் உள்ளே போனால், தீசிஸ் எழுதும் காலத்தில் கையில் பணம் இருக்காது. அடுத்த தவணையும் சும்மா வராது. முதல் தவணை எப்படிச் செலவானது என்று பயன்பாட்டுச் சான்றிதழ் டெல்லிக்குப் போக வேண்டும். அந்த ஃபைல் எங்காவது படுத்தால் ஸ்டைபண்டும் படுக்கும். "நாலு மாசம் சேர்த்து ஒண்ணா வாங்கியிருக்கேன்" என்றார் அக்கா. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிற அப்பாவுக்கு, நான் விளக்காமலே இது புரிந்தது.

சாரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. முதல் வருடம், அனுமதிக் கடிதம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சேர்ந்தேன்.

இப்போது ஊர்ப் பிள்ளைகள் கேட்டால் முதலில் ஒரு வேலை சொல்வேன். பிடித்த பேராசிரியரின் சமீபத்திய கட்டுரையை எடுத்து, முடிவில் இருக்கும் நன்றியுரையைப் படி. யார் பணம் கொடுத்தார்கள், அனுமதி எண் என்ன என்று பெரும்பாலும் அதில் இருக்கும். எண்ணோடு ஆண்டும் இருந்தால், இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். அந்த ஆய்வகத்தில் இருக்கும் ஒரு மாணவரிடம் பேசு. கடிதம் எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு.