பேரேடும் துண்டுச்சீட்டும்

கணக்குப் பேரேட்டை அடிக்கடி புரட்ட வேண்டிய கடமை பங்குக் குருக்களாகிய எங்களுக்கு உண்டு. ஆதலால், எம் பங்கைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர் தம் தொழிலின் சிக்கலொன்றை அண்மையில் விளக்கியபோது, அது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

கணிப்பொறியில் தரவுத்தளமே பேரேடு. ஒவ்வொரு முறையும் அதைப் புரட்டினால் நேரம் செல்லும் என்பதால், படித்த தொகையை நிரல் தன் நினைவகத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. 'கேஷ்' எனப்படும் இக்குறிப்பை ஒரு துண்டுச்சீட்டு எனலாம். வேகம் கருதிய ஏற்பாடு. அதில் குறை காண்பதற்கில்லை.

ஒரு கணக்கில் ரூபாய் 10,000 இருப்பதாகக் கொள்வோம். கணவர் ஓரிடத்தில் 6,000 எடுக்க முனைகிறார். அதே நொடியில் மனைவி வேறோரிடத்தில் 5,000 எடுத்துவிடுகிறார். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் மிகக் கண்டிப்பான முறையில் இயங்கினால், இம்மோதலைக் கண்டுகொண்டு, 40001 என்ற பிழை எண்ணோடு கணவரின் பரிவர்த்தனையைத் தள்ளிவிடும். மீண்டும் முயல்க என்பது அதன் பொருள். இதுவரை நன்று. ஆனால் தள்ளுபடியானது பேரேட்டில் மட்டுமே. சீட்டில் 10,000 அப்படியே நிற்கிறது! நிரல் அச்சீட்டை நம்பியே மறுமுயற்சி செய்தால், பணம் போதும் எனத் தீர்மானித்து, மீதம் 4,000 என எழுதிவிடும். முன்பு தடுத்த தரவுத்தளம் இம்முறை தடுக்காது. போட்டியிட இப்போது எவருமில்லை. 10,000 இருந்த கணக்கிலிருந்து 11,000 வெளியேறிய பின்னும் மீதம் 4,000! பிழைச்செய்தி எதுவும் எழாததால், எங்கோ தணிக்கையின்போதுதான் இது வெளிப்படும்.

ஆகவே மறுமுயற்சி என்பது எழுதும் கட்டளையை மட்டும் திரும்பச் சொல்வதன்று. சீட்டைக் கிழித்தெறிந்து, பேரேட்டைப் புதிதாய்ப் படித்து, பணம் போதுமா என்ற கேள்வியையும் மீண்டும் கேட்பதாகும். கேட்டால், 5,000தான் இருக்கிறது, இயலாது என்ற விடை வரும். முடிவெடுக்கும் பகுதி உட்பட முழுப் பரிவர்த்தனையையும் மீண்டும் நடத்துமாறே போஸ்ட்கிரெஸ் கையேடும் பணிக்கிறது.

நிரலாளர்கள் கையாளும் கருவிகள் இதில் ஒன்றுபோல் நடப்பதில்லை. எஸ்கியூஎல்ஆல்கெமி, தள்ளுபடி நேர்ந்ததும் சீட்டுகளைத் தானே செல்லாதவையாக்கிவிடுகிறது. ஹைபர்நேட், அந்த அமர்வையே கைவிடச் சொல்கிறது. ஜாங்கோவோ எச்சரித்துவிட்டுப் பொறுப்பை நிரலாளரிடமே விடுகிறது. முதல் வழியே எனக்குப் பிடித்தது; அவசரத்தில் மனிதர் மறப்பது இயல்பல்லவா?

சீட்டைக் கிழித்தாலும் தீராதது ஒன்றுண்டு. முதல் முயற்சியின் நடுவிலேயே, 'பணம் எடுக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி சென்றிருந்தால், அதைத் திருப்பியழைக்கத் தரவுத்தளத்தால் ஆகாது. எனவே, பரிவர்த்தனை உறுதியான பின்னரே செய்தி புறப்படுமாறு எங்கள் நிரலாளர் அமைத்திருக்கிறார்.